வலப்பக்கத்து நாற்காலி

பெரிய காஞ்சிபுரம்,
ஆடி 12

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் என்று எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கக் காமாட்சி துணை. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். எவ்வளவு நலம் என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே எடைபோட்டுக்கொள். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம், இதென்ன பழங்காலத்து வேலை, காகிதமும் கவரும் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார், நீயோ நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்கிறாய், அதில் சொல்ல வேண்டியதைச் சொல்லவே முடிவதில்லை. உன்னோடு படித்த துர்கா, ஆனியில் நடந்த தன் தம்பி கல்யாணத்துக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டுக்கே திரும்புகிறாள். அவளிடம் முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்து இதையும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கை முதலில் தின்றுவிட்டு இதைப் படி, படித்த பிறகு உனக்கு முறுக்கு இறங்காது.

மிஷின் ரிப்பேர், ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம், அதனால்தான் பதினொரு நாள் அப்பாவுக்குப் பயிற்சி இல்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை, அது கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நான் பதினொரு நாள் ஓட்டினேன், அந்த மட்டில் உன் அம்மா கெட்டிக்காரிதான். உன் போனுக்குத் தினமும் அந்த சென்டர்க்காரர்கள் இத்தனை அடி நடந்தார், இத்தனை நிமிஷம் நடந்தார் என்று படம் போட்டு அனுப்புகிறார்களே, அதில் பதினொரு நாள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து நீ பதறிப்போய்க் கேட்டாய். அந்த வெள்ளைக்குக் காரணம் என்ன என்பதைத்தான் இதில் எழுதுகிறேன்.

பங்குனியில் உன் அப்பாவுக்கு வலப்பக்கம் கை கால் விழுந்தபோது பெரிய டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். முதல் ஆறு மாசம்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு மீட்கிறோமோ அவ்வளவு லாபம், அதற்கப்புறம் ஆமை வேகம்தான் என்றார். நீ அங்கிருந்தே கம்ப்யூட்டரில் தேடி ஓரிக்கை போகிற ரோட்டில் ரோபோ வைத்து நடக்கப் பழக்குகிற இடம் ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்தாய். வாசலில் ஒரு பெரிய பேனர். அதில் வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள், வாதம் வந்தவர்கள் அப்படியா சிரிப்பார்கள்? உள்ளே மீன் கெடாமல் வைக்கிற குளிர். அந்த மிஷினுக்கு வீரா என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள், அதற்கு நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. காது குத்தினார்களா என்று கேட்டேன், அங்கே இருந்த பெண் சிரிக்கவில்லை. உன் அப்பாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டி, மேலே கம்பியில் மாட்டி, தூளியில் போட்ட குழந்தை மாதிரித் தொங்கவிட்டார்கள். இரண்டு காலுக்கும் இரும்புக் கால் கட்டி, கீழே ஓடுகிற பட்டையில் நிறுத்திப் பட்டனைத் தட்டினால் இரும்புக் கால் நடக்கிறது, உள்ளே இருக்கிற கால் அதோடு போகிறது. எதிரே டிவியில் ஒரு பொம்மை மனுஷன் பூங்காவில் நடக்கிறான், கூடவே ஒரு நாய். இவர் நன்றாக நடந்தால் நாய் வாலாட்டும், முடிந்ததும் டிவி கைதட்டும். எத்தனை வீட்டு முகூர்த்தப் புடவையை நெய்து கொடுத்த மனுஷனுக்கு ஒரு டிவி கைதட்டுகிறதாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாயை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

உன் கைலாசம் சித்தப்பாவுக்குக் கேட்க வேண்டுமா, முதல் நாளே வந்து போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, "அண்ணன் நடந்துக்கினு இருக்குது பாரு அண்ணி" என்று ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். மிஷின் நடக்கிறது, உங்கள் அண்ணன் தொங்குகிறார் என்றேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனவர் மூன்று நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அதுவும் ஒரு நிம்மதி. நான் போன நாளெல்லாம் அவருக்கு வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விழுந்த பக்கம் அதுதானே, ஏதாவது ஆனால் பிடிக்க ஆள் வேண்டாமா. மிஷினை ஓட்டுகிற பிள்ளையின் பெயர் யேசுதாஸ், பிஸியோதெரபி படித்தவன், ஊர் தாமல் பக்கம். மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, அவனுக்கு டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு. ஏரிக்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பையன் என் வீட்டுக்காரருக்கு நடக்கச் சொல்லித் தருவதா என்று மனசுக்குள் நினைத்தேன், மனசுக்குள் மட்டும் நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை.

ஐந்து வாரம் போனது. அந்தப் பிள்ளை ஒரு நாள் தாளை எடுத்துக் காட்டி, இந்தச் சிவப்புக் கோடு கால் இறுக்கம், அது குறைய வேண்டும், ஆனால் ஏறிக்கொண்டே போகிறது, மிஷின் காலைத் தூக்கும்போது அப்பா கீழே அழுத்துகிறார், இப்படியே போனால் ஊசி போட வேண்டியிருக்கும் என்றான். மறுநாள் டிவியையும் நாயையும் விட்டுவிட்டு அவர் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கால் அழுத்துகிறது, அழுத்தியபடியே கொஞ்சம் நிற்கிறது, பிறகு விட்டு இடது கால் அழுத்துகிறது, நிற்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைக்கும்போதே என் மடியில் கிடந்த என் கை தானாக அசைகிறது. தீபி, உன் அப்பா தறி மிதித்துக்கொண்டிருக்கிறார்! உனக்குத் தெரியும், கரை வேறு உடல் வேறாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு மிதி மிதித்தால் உடனே காலை மாற்ற முடியாது. அவர் ஊடை நூல் ஓட்டுகிற இடக்கரை நாடாவையும் உடல் நாடாவையும் எறிந்து, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நான் வலக்கரை நாடாவை வாங்கித் திருப்பித் தரும் வரைக்கும் மிதியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷமாக அவர் கால் எப்போது இறங்கும் எப்போது எழும்பும் என்று எனக்குத் தெரியும், சொந்த மூச்சு கூட அவ்வளவு தெரியாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி, இது இறுக்கமும் இல்லை கிறுக்கமும் இல்லை, இது நெசவு, உன் வீராவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அவன் உடனே, "இருக்கலாம்மா, ஆனா அழுத்தறது அவருக்கு வருது, தூக்கறதுதான் வரமாட்டேங்குது. நடக்கணும்னா தூக்கணும்மா" என்றான். எவ்வளவு சின்ன வார்த்தை, எவ்வளவு சரியான வார்த்தை. எனக்கு அது காதில் ஏறினால்தானே. நீ எத்தனை புடவை நெய்திருக்கிறாய் என்று கேட்டேன். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மனுஷன் காலுக்கும் இரும்புக் காலுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் என்று சொல்லி, வாரை நானே அவிழ்க்கப் போய், அவிழ்க்கத் தெரியாமல், கடைசியில் அவனே வந்து அவிழ்த்துவிட்டான். நாளையிலிருந்து நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோவில் உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசினால் வார்த்தை குழறுகிறது, அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அவர் பேசாததை நான் எப்போதும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் சித்தப்பாவை வரவழைத்து இரண்டு பேருமாக அவரைத் தறிக்குழியில் இறக்கி உட்கார வைத்தோம். பாவு பூட்டியது பூட்டியபடியே நான்கு மாசமாக இருந்தது. காலை எடுத்து மிதியில் வைத்தேன். அழுத்தினார், நாடா போக இழை பிரிந்தது! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன துக்கமோ என்று ஓடி வந்தார்கள். கை வரவில்லை, அதனால் எல்லா நாடாவையும் நானே எட்டி எட்டி எறிந்தேன், கால் வேலை மட்டும் அவருடையது. பதினொரு நாளில் ஒரு சாண் நெய்தோம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த மிஷினைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை, அந்த நாய் வாலாட்டுகிற மாதிரி நடித்தே காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு பக்கம் உதடு இழுத்துக்கொண்டிருக்கிறது, சிரிப்பா இல்லையா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளே குதிகால் தரையில் படியவில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் எண்ணெய் தேய்த்தேன். ஏழாம் நாள் விரலெல்லாம் கீழ்நோக்கி விறைத்துக்கொண்டது. அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோராம் நாள் குழியிலிருந்து தூக்கி நிறுத்தி ஒரு அடி வைக்கும்போது விறைத்த கால் எழும்பாமல் கட்டைவிரல் குழி விளிம்பில் மாட்டி, நான் பிடிப்பதற்குள் முகம் குப்புற விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம். அந்த வாரம்தான் நெட் சரியில்லை, முகம் தெரியாது, பேச மட்டும் செய் என்று உன்னிடம் சொன்னேன். டாக்டர் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார், காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போன மாசம் இப்படி இல்லையே, என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஆறு மாசத்தில் மிச்சம் இருந்ததே கொஞ்சம், அதில் பதினொரு நாளை எடுத்து நானே குழியில் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் கூடத்தையும் திட்டி ஆடியவரையும் கீழே தள்ளியவள். அந்த மிஷினை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அதைவிடக் கேவலமாக அன்றைக்கு என்னை நினைத்தேன். அந்த அளவுக்கு நான் யாரையும் நினைத்ததில்லை, உன் சித்தப்பாவைக் கூட.

திரும்பவும் அதே ஓரிக்கை ரோடு, அதே பேனர், அதே பல். யேசுதாஸ் நன்றாக நாலு வார்த்தை கேட்பான், நானும் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. உதட்டுக் காயத்தைப் பார்த்தான், "வலிக்குதாப்பா" என்றான், அவ்வளவுதான். திட்டாத பிள்ளையிடம் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய கணக்கையெல்லாம் வெகுநேரம் புரட்டினான். என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டான். இதென்ன போலீஸ் விசாரணையா என்று நினைத்தாலும் காமாட்சி கோயிலுக்கு என்றேன், அன்றைக்கு மட்டும் சித்தப்பாதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அவன் திரையை என் பக்கம் திருப்பினான். சிவப்புக் கோடு திங்கள் ஏறுகிறது, செவ்வாய் ஏறுகிறது, புதன், வியாழன் ஏறுகிறது, வெள்ளிக்கிழமை பாதியாக விழுகிறது, சனிக்கிழமை மறுபடி ஏறுகிறது. ஐந்து வாரம், ஐந்து வெள்ளிக்கிழமை, ஒன்று கூடத் தப்பவில்லை.

அம்பாள் அருள் என்றேன். வேறு என்ன சொல்வேன், வாய் பழக்கம். அவன், "இருக்கலாம்மா. நாளைக்குச் செவ்வாக்கெழம, நாளைக்கும் ஒரு நடை அம்பாளப் பாத்துட்டு வாங்களேன்" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு கூட இல்லாமல் சொன்னான், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. நாற்காலியை அவனே எடுத்துச் சுவரோரம் போட்டான்.

மறுநாள் கோயிலுக்குப் போகிற மாதிரி வெளியே வந்து கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். உன் அப்பா ஒருமுறை வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அப்புறம் எதிரே பார்த்தார். யேசுதாஸ் மிஷினின் பலத்தைக் குறைத்துவிட்டு, "தூக்குங்கப்பா, மிதிக்க வேணாம், தூக்குங்க" என்று சொல்வது கண்ணாடி வழியாக லேசாகக் கேட்டது. முதலில் அழுத்தினார். இரண்டாவதும் அழுத்தினார். எத்தனையாவது என்று எண்ணவில்லை, முட்டி மடங்கி அந்தக் கால் எழும்பியது தீபி. நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த முட்டியைத்தான் பார்த்தேன். ஐந்து வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேனே, நான் பக்கத்தில் இருந்ததால்தான் அது எழும்பவில்லை. நான் வலக்கரை நாடாவை வாங்கித் தருவேன் என்று அவர் கால் மிதியை அழுத்திக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மிஷினுக்கு நெசவு தெரியாது என்று நான் சொன்னது உண்மைதான், ஆனால் நான் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முடிந்து வெளியே வந்ததும் அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டபடி, நான் இல்லாமல் எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்சம் யோசித்து, குழறிக் குழறி, "காலு லேசா இருந்துச்சு" என்றார். ஒரு கள்ளமும் இல்லாமல், நேற்று சாம்பார் நன்றாக இருந்தது என்கிற மாதிரி சொன்னார். நான் குனிந்தே இருந்தேன், செருப்பு வார் மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது, இரண்டும் ஒன்றாக வரும் என்று இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன்.

இப்போது பத்து நாளாக எனக்குத் தினமும் பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை ஒரு வேலையும் இல்லை. யேசுதாஸ் இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும், நன்றாக நடக்கப் பழகியதும் நீங்களே பக்கத்தில் உட்காரலாம் என்கிறான், டாக்டரும் அதையே சொல்கிறார். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீ பத்து மணிக்கு யேசுதாஸுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் என் குரலைப் போடச் சொல்லாதே, குரல் கேட்டாலும் அந்தக் கால் எனக்காகக் காத்து நிற்கும், அங்கே உனக்கும் அது விடியற்காலை, ஒழுங்காகத் தூங்கு. பொய் சொன்னதற்கு என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, ஆனால் அப்பா முன்னால் வேண்டாம். சித்தப்பாவுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கதை தெரியாது, தெரிந்தால் அதையும் படம் எடுத்து அனுப்புவார். காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் சமைக்கப் பழக்கு. அந்த டிவிக்காரன் நாய் மீது எனக்கு இன்னும் மதிப்பு வரவில்லை, வரவும் வராது. நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்பாளிடம் கேட்டுக்கொண்டேன், கேட்க இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன், மறக்கவில்லை, தள்ளிப் போட்டேன். நேற்று உன் அப்பா மிஷினிலிருந்து இறங்கிக் கோலைப் பிடித்துக்கொண்டு, யாரும் தொடாமல், ஏழு அடி நடந்து கதவு வரைக்கும் வந்தாராம். யேசுதாஸ் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னான், எனக்கும் காட்ட வந்தான், வேண்டாம் என்றேன். அந்த ஏழு அடியை நேரில்தான் பார்ப்பேன். அவர் நடந்த நேரத்தில் நான் இங்கே பிரசாத வரிசையில் நின்று பொங்கல் சூடாக இல்லை என்று ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரேணுகாம்பாள் கண்ணாயிரம்